அனுப்பி வைக்கப்படாத இசைக்குழு

தனியாகத்தான் போனேன். லண்டனில் உதவித்தொகையில் படித்துக்கொண்டிருந்த காலம் அது. பத்து ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. ஒரு வார மளிகைச் செலவைக் கொடுத்து வாங்கிய டிக்கெட்டைக் காட்டி விடுதி நண்பர்களை அழைத்தேன். "எந்தக் குழு?" என்றார்கள். ஸ்கடலைட்ஸ் என்றேன். ஜமைக்காவின் பழைய இசைக்குழு, 1964-ல் தொடங்கியது என்று விளக்கினேன். "அப்ப எல்லாரும் தாத்தாவா இருப்பாங்களே தோழர்" என்று சிரித்தார் மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர். அவர் சொன்னதில் பாதிதான் சரி. முதல் குழுவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அப்போது தாத்தாக்களாகக்கூட இல்லை, செத்துப்போயிருந்தார்கள். மீதமிருந்த ஓரிருவரைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் அவசரம்.

ஏன் அந்த அவசரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் சித்தப்பா பேண்டு செட்டில் டிரம்பெட் வாசித்தவர். எங்கள் சேரியில் பறையை விட்டவர்கள் சிலர் பேண்டுக்குப் போனார்கள். சட்டை, தொப்பி, தோளில் சரிகை எல்லாம் உண்டு. "இது மேளம் இல்லடா, மியூசிக்" என்பார் சித்தப்பா. ஆனால் கல்யாண வீட்டில் அந்தச் சரிகைச் சட்டைக்காரர்களுக்குக் கடைசிப் பந்திக்கும் பிறகு, கொல்லைப்புறத்தில்தான் இலை போட்டார்கள். ஏழு வயதில் ஒருமுறை அவரோடு போய் அந்த இலையில் நானும் சாப்பிட்டிருக்கிறேன். பிறகு அவரோடு எங்கும் போகவில்லை. கல்லூரிக் காலத்தில் அவர் என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால் "விவசாயம்" என்று சொல்லியிருக்கிறேன்.

லண்டனில் ஓர் இரவு, கணினியில் எதையோ தேடும்போது ஒரு டிராம்போன் ஒலி கேட்டது. துக்க வீட்டு பேண்டின் சாயல். ஆனால் கீழே ஓடிய தாளம் ஆடச் சொல்லியது. வாசித்தவர் பெயர் டான் டிரம்மண்ட் என்று போட்டிருந்தது. கிங்ஸ்டன் நகரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு சிறுவர் விடுதியில் வளர்ந்தவர் என்று அடுத்த வரி. அன்றிலிருந்து தேட ஆரம்பித்தேன்.

கறுப்பின மக்களின் வரலாற்றோடு நம் வரலாற்றை இணைத்துப் பேசும்போது நாம் வழக்கமாக இரண்டு செய்திகளைச் சொல்வோம். 1946-ல் புரட்சியாளர் அம்பேத்கர் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதம் ஒன்று. கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்து 1972-ல் மராட்டியத்தில் உருவான தலித் சிறுத்தைகள் இன்னொன்று. இரண்டும் முக்கியமானவை. ஆனால் இரண்டும் படித்தவர்களும் தலைவர்களும் சம்பந்தப்பட்ட வரலாறு. மேளம் அடித்தவனுக்கும் கொம்பு ஊதியவனுக்கும் இடையில் இருக்கும் உறவை நாம் அதிகம் பேசியதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஜமைக்கா ஆங்கிலேயரின் கரும்புத் தீவு. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட மக்கள் அங்கே கரும்பு வெட்டினார்கள். மேளம் என்றால் முதலாளிகளுக்குப் பயம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கலகச் செய்தி மேளத்தில் போய்விடும் என்ற பயம். அடிமைச் சட்டங்களில் மேளத்துக்கும் கொம்புக்கும் தடை எழுதி வைத்தார்கள். ஆனால் அதே முதலாளிகள், வேலை வேகமாக நடக்கும் என்றால், சில இடங்களில் வயலில் மேளம் அடிக்க விட்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது. அந்த மேள மரபுக்குப் 'புர்ரு' என்று பெயர். ஒருவனுடைய இசை ஆண்டைக்குப் பயன்படும்போது தேவை, அவனுக்கே பயன்படும்போது குற்றம். இது நமக்குப் புதிய செய்தி இல்லை.

1838-ல் அடிமை முறை முழுமையாக ஒழிந்தது. காலப்போக்கில் புர்ரு மேளக்காரர்கள் பிழைப்புத் தேடிக் கிங்ஸ்டன் நகரத்துக் குடிசைப் பகுதிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். மேற்குக் கிங்ஸ்டனில் 'பேக் ஓ வால்' என்று ஒரு குடியிருப்பு இருந்தது. சுவருக்குப் பின்னால் என்று பொருள். பெயரிலேயே சுவர் இருக்கிறது பாருங்கள். அங்கேதான் ரஸ்தாஃபாரி மக்களும் இருந்தார்கள். ஆண்டவன் கறுப்பன், நம் தாயகம் ஆப்பிரிக்கா என்று சொன்ன ஏழைகளின் சமய இயக்கம் அது. சடைமுடியும் கஞ்சாவும் மட்டும்தான் ரஸ்தா என்று நினைப்பவர்கள் கொஞ்சம் படிக்க வேண்டும். ரஸ்தாக்களுக்கு நம்பிக்கை இருந்தது, தனி மேளம் இல்லை. புர்ருக்காரர்களுக்கு மேளம் இருந்தது, போக்கிடம் இல்லை. இரண்டும் அந்தக் குடிசைகளில் ஒன்று கலந்தன. கவுண்ட் ஓஸி என்ற மேளக்காரர் அந்த அடியை ஒரு பள்ளிபோல வளர்த்தெடுத்தார். கிங்ஸ்டனின் கிழக்கே வரீக்கா மலைப் பக்கம் இருந்த அவருடைய முகாமுக்கு நகரத்தின் ஜாஸ் கலைஞர்கள் இரவுகளில் போய் உட்கார்ந்து மேளத்தோடு சேர்ந்து ஊதினார்கள்.

அந்த ஜாஸ் கலைஞர்கள் எங்கிருந்து வந்தார்கள்? நான் முதலில் சொன்ன விடுதியிலிருந்து. ஆல்ஃபா சிறுவர் பள்ளி என்பது அதன் பெயர். 1880-ல் தொடங்கிய ஓர் அனாதை இல்லம், பிறகு கன்னியாஸ்திரீகளின் பொறுப்புக்கு வந்தது. அனாதைகள், வறுமையால் விடப்பட்டவர்கள், 'நெறி தவறியவர்கள்' என்று நீதிமன்றம் அனுப்பியவர்கள் என எல்லாருமே ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள். தையல், அச்சு வேலை, செருப்புத் தைப்பது, தச்சு ஆகியவற்றைக் கற்றுத் தந்தார்கள். கூடவே ஒரு பித்தளை வாத்தியக் குழு. ராணுவ பேண்டுக்கு ஆள் போகும் என்ற கணக்கும் அதில் உண்டு. ஆங்கிலேயர் போன இடத்திலெல்லாம் படையோடு டிரம்பெட்டையும் கொண்டுபோனார்கள். கிங்ஸ்டன் விடுதிப் பையன் கைக்கும் என் சித்தப்பா கைக்கும் அந்த வாத்தியம் வந்து சேர்ந்த வழி ஒன்றுதான்.

அந்தப் பள்ளியில் சிஸ்டர் மேரி இக்னேஷியஸ் என்ற கன்னியாஸ்திரீ இருந்தார். ஜமைக்காக்காரர். இசைத்தட்டுகளாகச் சேர்த்து வைத்திருப்பார். ஜாஸ், ஆப்பிரிக்க அமெரிக்க இசை, கியூபா இசை எல்லாம் உண்டு. விடுமுறை நாட்களில் அவரே தட்டுகளைப் போட்டுப் பையன்களை ஆடவிடுவார், இப்படி வாசிக்கிறார்கள் பார் என்று கேட்கச் சொல்வார். 2003-ல் அவர் இறந்தபோது உலகெங்கும் இசைக்கலைஞர்கள் அஞ்சலி செலுத்தினார்கள். மிஷனரி நிறுவனங்களைப் பற்றி எனக்கு விமர்சனம் உண்டு. சிறுவர்களை ஒழுங்குபடுத்துவதுதான் அந்தப் பள்ளியின் நோக்கம், விடுதலை செய்வது அல்ல. ஆனாலும் ஓர் ஆசிரியர் நினைத்தால் நிறுவனத்தின் நோக்கத்தைத் தாண்டி ஏதாவது செய்யலாம் என்பதற்கு அவர் சாட்சி. நம்மில் பலரும் ஆதிதிராவிடர் நல விடுதியில் படித்து வந்தவர்கள்தான். அப்படி ஒரு வார்டனையோ டீச்சரையோ நீங்களும் நினைத்துக்கொள்ளலாம். எனக்கு நினைக்க ஆள் இல்லை.

இன்னொரு கதையும் உண்டு. ஜானி 'டிஸ்ஸி' மூர் கொஞ்சம் வசதியான வீட்டுப் பிள்ளை. இசை கற்க வீட்டில் விடவில்லை. ஆல்ஃபாவில் டிரம்பெட் சொல்லித்தருகிறார்கள், ஆனால் கெட்ட பையன்களைத்தான் சேர்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறான். வேண்டுமென்றே அடங்காத பிள்ளையாக நடந்து, 'இவனை அங்கே தள்ளுங்கள்' என்று வீட்டாரைச் சொல்ல வைத்துச் சேர்ந்துகொண்டான். பிற்காலத்தில் ஸ்கடலைட்ஸின் டிரம்பெட் அவர்தான். சாக்ஸபோன் வாசித்த டாமி மெக்குக்கும் லெஸ்டர் ஸ்டெர்லிங்கும், டிராம்போன் டான் டிரம்மண்டும் ஆல்ஃபா பிள்ளைகள்தான்.

விடுதியை விட்டு வெளியே வந்தவர்களுக்கு வேலை கொடுத்தவை ஹோட்டல்கள். அங்கே வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளுக்கு அமெரிக்க ஜாஸை நகலெடுத்து வாசித்தார்கள். ஏழைகள் அந்த ஹோட்டலுக்குள் போக முடியாது. அவர்களுக்கு இருந்தது 'சவுண்ட் சிஸ்டம்'. ஆளுயர ஒலிபெருக்கிகளைத் தெருவில் அடுக்கி, அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பின இசைத்தட்டுகளைப் போட்டு, விடிய விடிய ஆட்டம். டியூக் ரீட், கோக்ஸன் டாட், பிரின்ஸ் பஸ்டர் ஆகியோர் அந்தத் தொழிலின் பெரிய கைகள். என்ன தட்டு என்று போட்டிக்காரனுக்குத் தெரியாமல் இருக்க லேபிளையே சுரண்டிவிடுவார்களாம். 1950-களின் கடைசியில் அமெரிக்க இசை வேறு பக்கம் திரும்பியது, கிங்ஸ்டன் கேட்ட வகைத் தட்டுகள் வருவது குறைந்தது. சரி, நாமே பதிவு செய்வோம் என்று இறங்கினார்கள். வாசிக்க ஆள்? ஆல்ஃபா பிள்ளைகள் இருந்தார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் ஸ்கா. இசை தெரியாதவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். "ஒன்று - உம் - இரண்டு - உம் - மூன்று - உம் - நான்கு - உம்" என்று எண்ணுங்கள். மற்ற இசையில் எடை எண்ணில் விழும். ஸ்காவில் கிடாரும் பியானோவும் அந்த 'உம்'மில் வெட்டி வெட்டி விழும். எண்ணுக்கு இடையில் இருக்கும் காலி இடம்தான் ஆடுகிற இடம். அதன் மேல் பித்தளை வாத்தியங்கள் வரும். கீழே லாயிட் நிப் அடித்த டிரம்ஸில் புர்ரு அடி ஒளிந்திருக்கும். 1960 வாக்கில் பிரின்ஸ் பஸ்டர் கவுண்ட் ஓஸியின் மேளக்காரர்களை ஸ்டுடியோவுக்கே அழைத்துவந்து 'ஓ கரோலினா' பாட்டில் வாசிக்க வைத்தார். தீண்டத்தகாததாக இருந்த மேளம் வெகுமக்கள் பாட்டில் ஏறியது அங்கேதான். 'தீண்டத்தகாத' என்ற நம் சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். 'மேல்நகர்' வீட்டில் அந்த ஒலி நுழைந்தால் ஜன்னலைச் சாத்தினார்கள்.

1962 ஆகஸ்ட் 6 அன்று ஜமைக்கா விடுதலை பெற்றது. புதிய நாட்டின் ஒலி ஸ்கா என்று எல்லாரும் பேசினார்கள். விடுதலை பெற்ற எட்டாம் மாதம், 1963 ஏப்ரலில், மாண்டெகோ பே அருகே கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் நடந்த ஒரு மோதலில் எட்டுப் பேர் இறந்தார்கள். அதைச் சாக்காக வைத்துத் தீவு முழுவதும் ரஸ்தா மக்களைப் பிடித்துப் போட்டு அடித்தார்கள், சடையை அறுத்தார்கள். ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2017-ல்தான் பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். கொடியேற்றும்போது வேண்டியிருந்த ஒலியைத் தந்த மக்கள், கொடி ஏறிய பிறகு சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஆனார்கள்.

1964-ன் நடுவில், ஸ்டுடியோக்களில் கூலிக்கு வாசித்துக்கொண்டிருந்த கலைஞர்கள் ஒன்றுசேர்ந்து தங்களுக்கென்று ஒரு குழு அமைத்தார்கள். விண்வெளி யுகம் அது. 'சாட்டலைட்ஸ்' என்று ஒருவர் பெயர் சொல்ல, "நாம் ஸ்கா வாசிக்கிறோம், ஸ்கடலைட்ஸ் என்று வைப்போம்" என்றாராம் மெக்குக். 1965 ஆகஸ்டில் குழு கலைந்துவிட்டது. பதினான்கு மாதம்தான். அதற்குள்ளும் அதற்கு முன் ஸ்டுடியோ கூலிகளாகவும் அவர்கள் வாசித்துக் குவித்தவைதான் இன்று உலகம் ஸ்கா என்று கேட்பதன் பெரும்பகுதி. பாப் மார்லி, பீட்டர் டாஷ், பன்னி வெய்லர் எல்லாம் பையன்களாக வந்து பாடிய முதல் வெற்றிப் பாட்டு 'சிம்மர் டவுன்'. பின்னால் வாசித்தவர்கள் இவர்கள்தான். மார்லி படம் போட்ட சட்டை நம் ஊரில் பொட்டிக்கடை வரைக்கும் வந்துவிட்டது. பின்னால் வாசித்தவர்களின் பெயர் சட்டையில் ஏறவில்லை.

அதே 1964-ல் நியூயார்க்கில் உலகக் கண்காட்சி. ஸ்காவை உலகுக்கு அறிமுகம் செய்ய ஜமைக்கா அரசு ஒரு கலைக்குழுவை அனுப்பியது. பொறுப்பாளர், வளர்ச்சித் துறை அமைச்சர் எட்வர்ட் சியாகா. அனுப்பப்பட்ட இசைக்குழு எது தெரியுமா? பைரன் லீயும் அவருடைய டிராகனேர்ஸும். மேல்நகரத்து விருந்துகளில் கோட்டு சூட்டோடு வாசித்துவந்த குழு அது. ஸ்கா அவர்களுடைய இசை அல்ல. மேற்குக் கிங்ஸ்டனுக்குப் போய்ப் பார்த்துக் கற்றுவந்து வாசித்தார்கள்.

இந்த இடத்தில் அவசரப்பட்டு முழக்கம் போடக் கூடாது. "கறுப்பர்களை அனுப்பவில்லை" என்று சொன்னால் அது பொய். ஜிம்மி கிளிஃப் போனார், பிரின்ஸ் பஸ்டர் போனார், மில்லி ஸ்மால் போனார், மூவரும் கறுப்பர்கள், பாடகர்கள். பைரன் லீயும் வெள்ளைக்காரர் அல்ல, சீன, ஆப்பிரிக்க வழியினர். வில்லன் வேடம் அவருக்குப் பொருந்தாது. சியாகாவும் ஒன்றும் தெரியாதவர் அல்ல. ஏழை மக்களின் நாட்டார் சடங்கு இசையை நேரில் போய்ப் பதிவு செய்து ஆய்வு செய்தவர், உள்ளூர்க் கலைஞர்களின் பாட்டுகளைத் தயாரித்து வெளியிட்டவர், மேற்குக் கிங்ஸ்டனின் நாடாளுமன்ற உறுப்பினர். யார் வாசிக்கிறார்கள் என்று அவருக்கு மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். எனக்குக் கோபம் வருவதும் அதனால்தான். அறியாமல் செய்திருந்தால் சொல்லிப் புரியவைக்கலாம். தெரிந்தே ஒரு தேர்வு நடந்தது. பாடுகிற முகம் வேண்டும். பின்னால் ஊதுகிற, ரஸ்தாவோடு உறவாடுகிற, கஞ்சா வாசனை அடிக்கிற, சொன்ன நேரத்துக்கு வருவார்களா என்று தெரியாத கூலிகள் வேண்டாம். பாட்டு நாட்டுக்குச் சொந்தம் ஆனது, பாட்டுக்காரன் ஆகவில்லை. பேக் ஓ வால் குடியிருப்பையும் அதே 1960-களில் இடித்துத் தள்ளிவிட்டு அங்கே புதுக் குடியிருப்புக் கட்டினார்கள். அதுவும் சியாகாவின் திட்டம்தான்.

'நாகரிகமான' குழுவின் வாத்தியங்கள் நன்றாக இருந்தன, பயணம் போய்ப் பழக்கம் இருந்தது, ஒழுங்காக ஒத்திகை செய்வார்கள் என்று இன்றும் சிலர் வாதாடுகிறார்கள். 'தகுதி, திறமை' என்ற சொற்களை வாழ்நாள் முழுக்கக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வாதத்தின் குரல் பழக்கமானது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஸ்கடலைட்ஸைப் பற்றிப் பக்தியோடு எழுதப்படுபவை டான் டிரம்மண்டை மேதை என்று சொல்லிவிட்டு, 1965 புத்தாண்டில் 'ஒரு சோகம் நடந்தது' என்று ஒரு வரியில் கடந்துவிடும். நடந்தது சோகம் அல்ல, கொலை. தன்னோடு வாழ்ந்த அனிதா மஹ்ஃபூத்தை டிரம்மண்ட் கத்தியால் குத்திக் கொன்றார். மேடையில் மார்கரிட்டா என்று பெயர்பெற்ற நடனக் கலைஞர் அவர். லெபனான் வழியில் வந்த தந்தைக்குப் பிறந்தவர். ரஸ்தா மேளக்காரர்களை எந்த நாகரிக மேடையும் ஏற்றாத காலத்தில், கவுண்ட் ஓஸியின் குழு வாசித்தால்தான் ஆடுவேன், இல்லையென்றால் நான் ஆடவில்லை என்று வியர் ஜான்ஸ் என்ற நிகழ்ச்சி அமைப்பாளரிடம் அடம்பிடித்து அவர்களை மேடையேற்றியவர் என்று அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். மேளத்துக்காக அவ்வளவு செய்த பெண். சொந்தமாக ஒரு பாட்டும் பதிவு செய்திருக்கிறார். டிரம்மண்ட் நெடுங்காலமாக மனநோயால் அவதிப்பட்டவர். மருத்துவமனைக்குப் போவதும் வருவதுமாக இருந்தவர். நீதிமன்றம் அவரைப் பெல்வியூ மனநல மருத்துவமனைக்கு அனுப்பியது. 1969 மே மாதம் அங்கேயே இறந்தார். நோயும் உண்மை, வறுமையும் உண்மை, அவர் இசையின் உயரமும் உண்மை. மார்கரிட்டா கொல்லப்பட்டதும் அதே அளவுக்கு உண்மை. நம் கலைஞர்களை, நம் தலைவர்களைப் பற்றி எழுதும்போதும், வீட்டுக்குள் அடிவாங்கிய பெண்களை ஒரு வரியில் தாண்டிப் போகிற பழக்கம் நம் இயக்கங்களில் இருக்கிறது. தங்கைகள் இதைக் கேட்டால் 'இயக்கத்தைப் பலவீனப்படுத்தாதீர்கள்' என்று பதில் வருகிறது. நானே ஒருமுறை அப்படிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

மறுபடி லண்டன் வரிசைக்கு வருகிறேன். அரங்க வாசலில் எனக்கு முன்னால் நின்றவர்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. மொட்டையடித்த தலை, கனத்த பூட்ஸ், பேண்டுக்கு மேல் பட்டைவார். ஐம்பது, அறுபது வயது வெள்ளைக்காரர்கள். 'ஸ்கின்ஹெட்' என்றால் நம்மைப் போன்ற நிறத்தவரைத் தெருவில் போட்டு மிதிக்கிறவர்கள் என்றுதான் படித்திருந்தேன். கூட யாராவது வந்திருந்தால் பேச்சுத் துணையாவது இருந்திருக்கும்.

அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1948-ல் 'விண்ட்ரஷ்' கப்பலில் தொடங்கி ஜமைக்கா மக்கள் பிரிட்டனுக்குக் கூலிவேலைக்கு வந்தார்கள். வரும்போது இசைத்தட்டுகளையும் கொண்டுவந்தார்கள். 1960-களின் கடைசியில், பக்கத்துத் தெருவில் வாழ்ந்த வெள்ளைத் தொழிலாளி வீட்டுப் பையன்கள் அந்த இசையில் மயங்கினார்கள். முதல் ஸ்கின்ஹெட்கள் அவர்கள்தான். "அசல் ஸ்கின்ஹெட் நிறவெறியன் அல்ல, பின்னால் வந்தவர்கள்தான் கெடுத்தார்கள்" என்று இன்று பெருமையாகச் சொல்வார்கள். பாதி உண்மை. அந்த முதல் தலைமுறையிலேயே, சனிக்கிழமை இரவு ஜமைக்கா இசைக்கு ஆடிவிட்டுத் தெற்காசியர்களைத் தேடித்தேடி அடித்தவர்களும் இருந்தார்கள். ஒருவனுடைய பாட்டை ரசிப்பதால் மனிதனை மதிக்கும் புத்தி தானாக வந்துவிடாது. கானா பாட்டுக்குக் குத்தாட்டம் போட்டுவிட்டு, வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் சாதி விசாரிப்பவர்களை நமக்குத் தெரியாதா என்ன?

அந்தச் சிக்கலை நேருக்குநேர் எடுத்துக்கொண்டவர்கள் 1979-ல் கோவென்ட்ரி நகரத்தில் 'டூ டோன்' என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கியவர்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்று, பழைய ஸ்காவை வேகமாக்கி, நிறவெறிக்கு எதிராக வாசித்தார்கள். 1981-ல் அதே நகரத்தில் சத்னாம் சிங் கில் என்ற மாணவர் பட்டப்பகலில் நிறவெறியர்களால் கொல்லப்பட்டபோது, அவர்களில் முதன்மையான ஸ்பெஷல்ஸ் குழு விளையாட்டு மைதானத்தில் நிறவெறிக்கு எதிரான இசை நிகழ்ச்சி நடத்தியது. அந்த ஸ்பெஷல்ஸோடு நின்று டிராம்போன் வாசித்த ரீக்கோ ராட்ரிகெஸ் யார்? ஆல்ஃபா பள்ளிப் பிள்ளை. அங்கே தனக்கு மூத்த மாணவரான டான் டிரம்மண்டிடம் டிராம்போன் கற்றவர். 1961-ல் இங்கிலாந்து வந்து, இசையில் சோறு கிடைக்காதபோது கூலிவேலை பார்த்தவர். 1967-ல் டேண்டி லிவிங்ஸ்டன் பாடிய ஒரு பாட்டில் வாசித்தார். பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே பாட்டை ஸ்பெஷல்ஸ் பாடியபோதும் அவரே வாசித்தார். 1980-ல் ஸ்பெஷல்ஸின் மேடைப் பதிவு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதில் ஸ்கடலைட்ஸ் புகழ்பெறச் செய்த 'கன்ஸ் ஆஃப் நவரோன்' இசையும் இருந்தது. அனுப்பி வைக்கப்படாதவர்களின் இசை, யாரும் அனுப்பாமலேயே போய்ச் சேர்ந்திருந்தது. காசு போய்ச் சேரவில்லை. ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்கள் அவர்கள். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பல தட்டுகளில் முதலாளியின் பெயர் இருந்தது.

கலைந்த குழு 1983-ல் ஜமைக்காவின் சன்ஸ்பிளாஷ் விழாவுக்காக மீண்டும் கூடியது. பிறகு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, அறுபது எழுபது வயதில் உலகம் சுற்ற ஆரம்பித்தார்கள். மெக்குக்கும் ரோலண்ட் அல்ஃபோன்சோவும் 1998-ல் இறந்தார்கள். 2011-ல் டிரம்மர் லாயிட் நிப், அடுத்த ஆண்டு பாஸ் வாசித்த லாயிட் பிரெவெட். நான் போனபோது பழைய வாத்தியக்காரர்களில் லெஸ்டர் ஸ்டெர்லிங் மட்டும் இருந்தார். அவரோடு பாடகி டோரீன் ஷாஃபர். மற்ற எல்லாரும் அடுத்த தலைமுறை.

உள்ளே போய்ச் சுவரோரமாக நின்றேன். பக்கத்தில் தொப்பி வைத்த ஒரு ஜமைக்கா அம்மா, அறுபதுக்கு மேல் இருக்கும். தனியாகவா வந்தாய் என்றார். ஆமாம் என்றேன். "நானும்தான்" என்றார். அவருடைய அம்மா தேவாலயத்துக்குப் போகிறவராம். இந்தத் தட்டு வீட்டுக்குள் வரக் கூடாது, போக்கிரிகளின் இசை என்பாராம். அண்ணன் படுக்கைக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பாராம். உன் ஊரில் என்ன வாத்தியம் என்று கேட்டார். பறை என்று சொல்லிக் கையால் வட்டம் போட்டுக் காட்டினேன். பிறகு, என் சித்தப்பா டிரம்பெட் வாசிப்பார் என்றும் சொன்னேன். வேற்று ஆளிடம் அதை நான் சொன்னது அதுதான் முதல்முறை.

ஸ்டெர்லிங் மெதுவாக நடந்து வந்தார். எண்பதை நெருங்கிய வயது. முதல் அடி விழுந்ததும் மொட்டைத் தலைக்காரர்கள் ஆட ஆரம்பித்தார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் திரும்பி, இங்கே நின்றால் ஒன்றும் தெரியாது, முன்னால் போ என்று வழிவிட்டார். அவர் இளவயதில் யாரை அடித்தார், யாரை அடிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. முன்னால் போனேன். பித்தளை வாத்தியங்கள் சேர்ந்து எழும்பிய இடத்தில் எனக்கு அந்தக் கொல்லைப்புறமும் இலையும் ஞாபகம் வந்தது. ஆனால் அழுகை வரவில்லை, ஆடத்தான் வந்தது. டோரீன் ஷாஃபர் வந்து பாடியபோது அந்த அம்மா ஒரு வார்த்தை விடாமல் கூடவே பாடினார். நடுவில் செத்துப்போனவர்களின் பெயர்களை மேடையிலிருந்து சொன்னார்கள், டாமி, ரோலண்டோ, டான், ஜாக்கி, லாயிட், இன்னொரு லாயிட் என்று ஒவ்வொன்றாக. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் கத்தியது. மார்கரிட்டாவின் பெயர் வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை.

2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறை மேடையேறி, பறையும் கானாவும் கிடாரும் ஒன்றாக ஒலித்ததைக் கேட்டபோது எனக்கு அந்த லண்டன் இரவுதான் நினைவுக்கு வந்தது. வாசித்தவர்களின் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று அன்று பக்கத்திலிருந்த மாணவர்களிடம் சொன்னேன். லெஸ்டர் ஸ்டெர்லிங் 2023-ல் காலமானார்.

அன்றிரவு விடுதிக்குத் திரும்பிச் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். ஊரில் விடிந்துவிட்டிருந்தது. "என்னடா இந்நேரத்துல, உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று பதறினார். "இல்ல சித்தப்பா, உங்க பேண்டு செட்டுல யார் யார் இருந்தாங்க, பேரு சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார், யார் என்ன வாசித்தார்கள், எந்தத் தெரு, இப்போது யார் உயிரோடு இல்லை என்று. டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டே வந்தேன். ஏழு பேர் ஆனது. சைடு டிரம் அடித்த எட்டாவது ஆளின் பெயர் மட்டும் அவருக்கு வரவில்லை. "பேரு நெனப்பு இல்லடா, ஆனா அவன் அடி நெனப்பு இருக்கு" என்று சொல்லி, வாயாலேயே அதை வாசித்துக் காட்டினார்.